எட்டு நாற்காலி, நான்கு மணி நேரம்: எந்தப் போர்ப் பலகை விளையாட்டை வாங்குவது?

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சிலிம் ரிவரில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நடக்கும் இடம் ஒரு காலத்தில் ஆயாக்கொட்டகையாக இருந்தது. பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர்ப் பால் எடுக்கப் போகும் தாய்மார்கள் இருட்டோடு பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுப் போன கட்டடம். இப்போது அங்கே இரண்டு கேரம் பலகைகள், ஒரு மேசைப்பந்து மேசை, மாரியம்மன் கோயிலில் இரவல் வாங்கிய மடக்கு மேசைகள், எட்டு நாற்காலிகள், நான்காம் எண்ணுக்குக் கீழே சுற்ற மறுக்கும் இரண்டு விசிறிகள் இருக்கின்றன. மதியம் இரண்டு மணிக்குத் திறப்போம். ஆறு மணிக்குக் கோயில் மணி அடிப்பதற்குள் மூடிவிடுவோம்.

அண்மையில் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியோடு என்னிடம் வந்தார்கள். ஒருவர் சுங்கை சிப்புட்டில் இடைநிலைப்பள்ளி ஆசிரியர். இன்னொருவர் பகாவில் மோட்டார் பட்டறை வைத்திருப்பவர். ஞாயிறு மாலையில் அவருக்கும் அவர் தம்பிக்கும் வேறு வேலை இல்லை. மூன்றாமவர் பீடோரைச் சேர்ந்த கல்லூரி மாணவி, தாமான் (குடியிருப்புப் பகுதி) மண்டபத்தில் தோழிகளைச் சேர்த்து ஒரு கூட்டம் தொடங்க நினைக்கிறார். கையில் உள்ள பணம் ஒரு பெட்டிக்குத்தான் வரும், மனத்திலோ இரண்டாம் உலகப் போரை ஆடும் நான்கு பெட்டிகள்: மெமோயர் 44, அன்டான்டட், அட்வான்ஸ்டு ஸ்குவாட் லீடர், போல்ட் ஆக்‌ஷன். எதை எடுப்பது?

நான்கையும் நாங்கள் விளையாடியிருக்கிறோம். ஒன்றை நான் வாங்கக்கூடாத நேரத்தில் வாங்கி, கூட்டத்தையே கலைத்தும் இருக்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

பெட்டியின் அட்டைப் படத்தையும் எந்தப் போர், எந்த நாடு என்பதையும் பார்த்து வாங்குகிறவர்கள்தான் அதிகம். நான் முதலில் கேட்கும் கேள்வி வேறு: நான்காவது ஞாயிற்றுக்கிழமை யார் வருவார்கள்? முதல் வாரம் எல்லோரும் வருவார்கள். புதுப் பெட்டியின் வாசனைக்கே வருவார்கள். நான்காவது வாரம் வருகிறவர்களுக்குத்தான் நாம் வாங்குகிறோம்.

அடுத்தது தலைக்கணக்கு. போர் விளையாட்டுகளில் பெரும்பாலானவை இருவருக்கானவை. எட்டுப் பேர் வந்தால் இருவர் ஆட, ஆறு பேர் வேடிக்கை பார்க்க வேண்டும். வேடிக்கை பார்க்கிறவர் அரை மணி நேரத்தில் கேரம் பலகைக்குப் போய்விடுவார். அங்கிருந்து அவரைத் திரும்ப அழைத்துவர முடியாது. ஒற்றைப்படையில் ஆள் வரும் நாளில் மிஞ்சுகிறவரின் முகத்தைப் பார்க்கவே முடியாது.

நேரத்தையும் நேர்மையாகக் கணக்கிட வேண்டும். இரண்டு மணிக்குக் கூட்டம் என்றால் இரண்டரைக்கு வருகிறார்கள். நான்கு மணிக்கு மழை. தகரக் கூரையில் அடிக்கும் சத்தத்தில் ஒருவர் சொல்வது இன்னொருவருக்குக் கேட்காது. நடுவில் வடையும் தே தாரிக்கும். நான்கு மணி நேரத்தில் ஆட்டத்துக்கு மிஞ்சுவது இரண்டரை மணி நேரம்.

விதிநூல்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. யாராவது ஒருவர் படித்து, வாய்ச்சொல்லாக மற்றவர்களுக்கு ஊட்ட வேண்டும். அந்த ஒருவர் நீங்கள்தான், இதில் சந்தேகம் வேண்டாம். ஆகவே விதியின் பருமன் உங்கள் சனிக்கிழமை இரவின் விலை.

பெட்டியின் விலையோடு செலவு நிற்பதில்லை. 2024 ஜனவரி 1 முதல், வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கி வரவழைக்கும் 500 வெள்ளிக்கு (ரிங்கிட்) உட்பட்ட பொருள்களுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. கனமான பெட்டிக்கு அனுப்பும் கட்டணம் அதைவிடக் கடிக்கும். அதற்குப் பிறகு சீட்டு உறைகள், ஈரத்தை உறிஞ்சும் பொட்டலங்கள், பசை, வண்ணம் என்று ஒவ்வொன்றாக வரும்.

கடைசி அளவுகோல் என் சொந்த ஆசை. எல்லோருக்கும் இது பொருந்த வேண்டியதில்லை. நம் ஊர்க் களத்தை இந்த விளையாட்டில் அமைக்க முடியுமா?

ஜப்பானியர் மலாயாவுக்குள் புகுந்தபோது, கம்பாரில் 1942 புத்தாண்டையொட்டி நடந்த சண்டைக்குப் பிறகு பின்வாங்கிய பிரிட்டிஷ் தரப்பின் இந்திய 11ஆவது டிவிஷன், துரோலாக்கிலிருந்து சிலிம் ரிவர் வரை சாலையை ஒட்டி நின்றது. ஜனவரி 7ஆம் தேதி, விடியலுக்கு வெகுநேரம் முன்பு, ஜப்பானிய டாங்கிகள் அந்தச் சாலையிலேயே நேராக வந்தன. ஓர் இடத்தில் தடை இருந்தது. ஆனால் சாலையை முன்பு நேராக்கியபோது கைவிட்ட பழைய வளைவுகள் ரப்பர்த் தோட்டத்துக்குள் அப்படியே கிடந்தன. அவற்றை யாரும் அடைக்கவில்லை. டாங்கிகள் வளைவில் புகுந்து தடைக்குப் பின்னால் வெளிப்பட்டன. குளூனி தோட்டத்துப் பக்கம் சாலையில் அணிவகுத்து நடந்துகொண்டிருந்த கூர்க்காக்களுக்குப் பின்னாலிருந்து டாங்கி வருவது தெரிந்தபோது ஒதுங்க நேரமில்லை. காலைக்குள் சிலிம் ஆற்றுப் பாலம் ஜப்பானியர் கைக்குப் போனது. அதைத் தகர்க்கக் கட்டியிருந்த வெடிக்கம்பிகளை ஒரு ஜப்பானிய அதிகாரி வாளால் வெட்டினார். நான்கு நாளில் கோலாலம்பூரும் விழுந்தது.

நாங்கள் பசியாறப் போகும் சாலைதான் அது. இதை மேசையில் ஆடிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் வராமல் எப்படி இருக்கும்?

## ஒரே பார்வையில்

கற்றுத்தரும் நேரமும் ஆடும் நேரமும் எங்கள் கொட்டகையில் கண்டவை. பெட்டியில் அச்சிட்டிருப்பவை அல்ல.

| | மெமோயர் 44 | அன்டான்டட்: நார்மண்டி | ஸ்குவாட் லீடர் தொடக்கப் பெட்டி | போல்ட் ஆக்‌ஷன் |
|---|---|---|---|---|
| வெளிவந்தது | 2004 | 2019 | 2004 | 2012 |
| ஆட்கள் | 2. இரு பெட்டி சேர்த்தால் 8 வரை | 2 | 2 | 2. பக்கத்துக்கு இருவராகவும் பிரிக்கலாம் |
| கற்றுத்தர | கால் மணி நேரம் | அரை மணி நேரம் | ஒரு முழு ஞாயிறு | ஒரு மணி நேரம் |
| ஓர் ஆட்டம் | ஒரு மணி நேரத்துக்குள் | ஒரு மணி நேரம் | இரண்டரை மணி நேரமும் மேலும் | இரண்டரை மணி நேரம் |
| விசிறிக் காற்று | தாங்கும் | சீட்டு எழும்பும் | தாங்காது | தாங்கும் |
| பிறகு வரும் செலவு | இரண்டாவது பெட்டி | சீட்டு உறை | அடுத்தடுத்த பெட்டிகள் | முடிவே இல்லை |
| ஊர்க் களம் அமைக்க | எளிது | கடினம் | முடியும், உழைப்பு வேண்டும் | மிக அழகாக முடியும் |

## மெமோயர் 44

ரிச்சர்ட் போர்க் வடிவமைத்தது; 1944இல் நேசநாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டியில் தரையிறங்கியதன் அறுபதாம் ஆண்டில் வந்தது. அறுகோணக் கட்டங்கள் கொண்ட பலகை, பச்சையும் சாம்பலுமாக நெகிழிப் பொம்மைகள். காலாட்படை அணி ஒன்றுக்கு நான்கு பொம்மைகள், டாங்கி அணிக்கு மூன்று, பீரங்கிக்கு இரண்டு. பலகை இடம், நடு, வலம் என்று மூன்றாகப் பிரிந்திருக்கும். உங்கள் முறை வரும்போது ஒரு சீட்டை இறக்குகிறீர்கள். "இடப்பக்கம் மூன்று அணி" என்று அதில் இருந்தால் அங்கே மூன்று அணிகள் மட்டும் அசையலாம், சுடலாம். பகடையில் எண் கிடையாது. ஆறு முகங்களில் இரண்டு காலாட்படை, ஒன்று டாங்கி, ஒன்று கையெறி குண்டு, ஒன்று கொடி, ஒன்று நட்சத்திரம். சுடப்பட்ட அணியின் படம் விழுந்தால் ஒரு பொம்மை போகும், கொடி விழுந்தால் பின்வாங்க வேண்டும்.

இதைவிட அதிகமாக முதல் நாளில் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பெகாசஸ் பாலம்தான் முதல் களம். பத்து வயதுப் பையனும் எழுபது வயது ஓய்வுபெற்ற கிராணியும் (தோட்ட எழுத்தர்) அதே கால் மணி நேரத்தில் கற்று ஆடத் தொடங்கினார்கள்.

குறையும் இந்தச் சீட்டில்தான் இருக்கிறது. எதிரியின் டாங்கி உங்கள் வலப்பக்கம் வந்து நிற்கிறது. கையில் இருப்பதெல்லாம் இடப்பக்கச் சீட்டுகள். ஒரு தம்பி இதனால் எரிச்சலாகி, "அண்ணே, என் ஆட்கள் அங்கேயே நிற்கிறார்கள், சுடக்கூட முடியாதா? இது என்ன போர்?" என்றான். கிராணி ஐயாதான் அவனுக்குப் பதில் சொன்னார். "பெரட்டில் பெயர் கூப்பிடாதவனுக்கு அன்றைக்கு வேலை இல்லை, தம்பி. கத்தி கையில் இருந்தாலும் வீட்டுக்குத்தான் போக வேண்டும்." விடியலில் தோட்டத் தொழிலாளர்கள் வேலைக்கு வரிசையில் நிற்கும் பெரட்டுக் களத்தில் நாற்பது ஆண்டுகள் பெயர் வாசித்தவர் சொன்னதால் அந்த விதியை அதற்குப் பிறகு யாரும் கேள்வி கேட்கவில்லை. நானும் இப்போது புதியவர்களுக்கு அதைச் சொல்லித்தான் தொடங்குகிறேன்.

இதன் மறைந்த செலவு, எடுத்து அடுக்கும் நேரம். காடு, குன்று, வீடு, முள்வேலி எல்லாவற்றையும் களப்படத்தைப் பார்த்து வைக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் தனித்தனிப் பையில் பிரித்துப் போட வேண்டும். ஒவ்வொரு முனையிலும் கால் மணி நேரம் போகிறது. கூட வரும் சின்னப் பிள்ளைகளுக்கு டாங்கி பொம்மை என்றால் உயிர். எங்கள் பெட்டியில் ஒரு ஜெர்மானிய டாங்கி காணாமல் போய், இரண்டு ஆண்டுகளாக ஒரு கித்தாக் கொட்டை (ரப்பர் விதை) அதன் வேலையைப் பார்க்கிறது. அது இன்னும் ஒரு முறைகூடக் குறி தவறியதில்லை என்பது பையன்களின் நம்பிக்கை.

இதை முதலிடத்தில் நான் வைப்பதற்குக் காரணம் எட்டு நாற்காலிகள். இரண்டு பெட்டிகளைச் சேர்த்தால் ஓவர்லார்ட் என்ற பெரிய களங்களை ஆடலாம். பக்கத்துக்கு நால்வர்: ஒருவர் தலைமைத் தளபதி, மூவர் களத் தளபதிகள். சீட்டுகள் தலைமைத் தளபதி கையில் இருக்கும். அவர் பிரித்துக் கொடுப்பார். தனக்குச் சீட்டு வராத களத் தளபதி தன் சொந்தத் தளபதியையே திட்டிக்கொண்டிருப்பார். நாங்கள் அதை ஆடிய அன்று கேரம் பலகைப் பக்கம் ஒருவரும் போகவில்லை.

## அன்டான்டட்: நார்மண்டி

டேவிட் தாம்சனும் டிரெவர் பெஞ்சமினும் உருவாக்கியது. அமெரிக்க 30ஆவது காலாட்படை டிவிஷனைச் சேர்ந்த ஒரு சிறு படைப்பிரிவு, 12 களங்களில் நார்மண்டிக்குள் முன்னேறுகிறது. பலகைக்குப் பதிலாகச் சதுர அட்டைகளை அடுக்க வேண்டும். உங்கள் படை ஒரு சீட்டுக்கட்டு. நான்கு சீட்டு எடுத்து, ஒன்றை முந்துவதற்காகப் பணயம் வைத்து, மற்ற மூன்றால் நகர்கிறீர்கள், சுடுகிறீர்கள், கட்டுக்குப் புதிய ஆட்களைச் சேர்க்கிறீர்கள். சுடுவதற்குப் பத்து முகப் பகடை.

இதன் அழகு ஒரே இடத்தில் இருக்கிறது. உங்கள் அணி அடிபட்டால் அந்த அணியின் சீட்டு ஒன்று ஆட்டத்தைவிட்டே போகிறது. ஒவ்வொரு படைவீரர் சீட்டிலும் ஒரு முகம், ஒரு பெயர். துப்பாக்கி வீரர்கள் நான்கு பேராக இருந்தவர்கள் இரண்டாகும்போது, அவர்கள் உங்கள் கைக்கு வருவதும் அரிதாகிறது. படை தளர்வதை எண் எதுவும் சொல்லத் தேவையில்லை, சீட்டு வராமல் போவதே சொல்லிவிடுகிறது. எங்களில் ஒருவர், அதிகம் பேசாதவர், போன சீட்டைப் பெட்டிக்குள் போட மறுத்து, ஆட்டம் முடியும்வரை தேநீர்க் குவளையில் சாய்த்து வைத்திருந்தார். யாரும் கிண்டல் செய்யவில்லை.

ஆனால் இது இருவருக்கான விளையாட்டு. பன்னிரண்டு களங்களை வரிசையாக ஆடும்போதுதான் இதன் சுவை ஏறும். அதற்கு அதே இருவர் தொடர்ந்து உட்கார வேண்டும். எங்கள் ஊரில் இருபது வயதைத் தாண்டியவன் எந்த வாரம் ஜொகூருக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போவான் என்று சொல்ல முடியாது. நான் ஆறாவது களத்தில் என் கூட்டாளியை அப்படி இழந்தேன். பெட்டி ஓராண்டு அலமாரியில் இருந்தது. ரீஇன்ஃபோர்ஸ்மெண்ட்ஸ் என்ற விரிவாக்கத்தில் தனியாக ஆடும் முறையும் உண்டு. கூட்டத்துக்கு அதனால் என்ன பயன்?

இதைக் கலைத்துக் கலைத்தே ஆடுவதால் சீட்டு உறை கட்டாயம். நம் ஊர் ஈரத்தில் உறையில்லாத சீட்டு மூன்று மாதத்தில் அப்பளம்போல் வளையும், வடை எண்ணெய் பட்ட சீட்டை எதிரி முதுகைப் பார்த்தே அடையாளம் கண்டுகொள்வான்.

கணவன் மனைவி, அண்ணன் தம்பி, ஒரே அறையில் தங்கும் இருவர் என்றால் நான்கில் இதுவே சிறந்தது. நான் தயங்காமல் சொல்வேன்.

## அட்வான்ஸ்டு ஸ்குவாட் லீடர், தொடக்கப் பெட்டி

இதுதான் நான் கூட்டத்தைக் கலைத்த கதை.

1977இல் வந்த ஸ்குவாட் லீடர் 1985இல் அட்வான்ஸ்டு ஸ்குவாட் லீடராக வளர்ந்தது. முழு விதிநூல் வளையம் போட்ட தடித்த கோப்பு. அதைப் பார்த்து ஓடியவர்களைத் திரும்ப அழைக்கத்தான் 2004இல் முதல் தொடக்கப் பெட்டி வந்தது. காலாட்படை மட்டும், ஆறு களங்கள், டாங்கி வேண்டுமானால் மூன்றாவது பெட்டிவரை போக வேண்டும். ஒரு கட்டம் 40 மீட்டர், ஒரு சுற்று ஏறக்குறைய இரண்டு நிமிடம், ஒரு சில்லு ஏறக்குறைய பத்துப் பேர்.

சில்லைக் கையில் எடுத்துப் பாருங்கள். அரை அங்குலச் சதுர அட்டை. ஜெர்மானியச் சில்லில் 4-6-7 என்று இருக்கும்: சுடும் வலு நான்கு, எட்டும் தூரம் ஆறு கட்டம், மனத்திடம் ஏழு. அமெரிக்கருக்கு 6-6-6. அவர்கள் நிறையச் சுடுவார்கள், ஆனால் மனத்திடம் ஒன்று குறைவு. அடி விழுந்தால் ஜெர்மானியரைவிட எளிதாகச் சிதறுவார்கள். சிதறியபின் சில்லைத் திருப்பினால் அமெரிக்கரின் மனத்திடம் எட்டு. ஓடுவார்கள், ஆனால் விரைவில் திரும்பி வருவார்கள். மூன்று எண்களில் ஒரு படையின் குணமே அடங்கிவிடுகிறது. இரண்டு பகடை உருட்ட வேண்டும், குறைந்த எண் நல்லது. திறந்த வெளியில் நடப்பவர்மீது சுட்டால் பகடையில் ஒன்று கழியும். எச்சரிக்கையாக நகராமல் விரைந்து ஓடினால் இன்னொன்று கழியும். தெருவைக் கடக்கும் முடிவை எடுக்குமுன் உள்ளங்கை வியர்க்கும். வேறு எந்த விளையாட்டும் எனக்கு அதைத் தந்ததில்லை.

ஒவ்வொரு சுற்றிலும் எட்டுப் படிகள்: மீள்திரட்டல், முன்சூடு, நகர்வு, தற்காப்புச்சூடு, முன்னேற்றச்சூடு, சிதறியோடல், முன்னேற்றம், கைகலப்பு. இந்தப் பெயர்களை நானே தமிழாக்கி, தட்டி எழுதும் கடையில் அச்சடித்து, நெகிழி உறையிட்டு எட்டுப் பேருக்கும் கொடுத்தேன். முதல் ஞாயிறு ஏழு பேர் வந்தார்கள். மூன்று மணி நேரம் விளக்கினேன். கடைசி அரை மணி நேரத்தில் ஒரு சுற்று முடிந்தது. இரண்டாவது ஞாயிறு ஐந்து பேர். மூன்றாவது ஞாயிறு, இயந்திரத் துப்பாக்கிச் சில்லுகள் அடுக்கிய மேசைக்கு மேல் யாரோ விசிறியைப் போட்டுவிட்டார்கள். நான்காம் எண் காற்று. இரண்டு மணி நேரத்துச் சண்டை ஒரு நொடியில் சிமெண்ட் தரையெங்கும் சிதறியது. ஒரு லெப்டினன்ட் இன்றுவரை அலமாரிக்கு அடியில் இருக்கிறார். நான்காவது ஞாயிறு நானும் பட்டறைக்கார நண்பர் ஒருவரும் மட்டும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் கேரம் ஆட்டம் கலகலப்பாக நடந்துகொண்டிருந்தது.

விளையாட்டின் குற்றம் அல்ல அது. நானும் அந்த நண்பரும் இப்போதும் புதன்கிழமை இரவுகளில் அவர் வீட்டில் ஆடுகிறோம், விசிறியை நிறுத்திவிட்டு, பலகையின்மேல் ஒரு கண்ணாடி நெகிழித் தகடு போட்டு, புருவம் திருத்தும் சாமணத்தால் சில்லுகளை நகர்த்தி. தகடு, சாமணம், சில்லுகளைப் பிரித்து வைக்க மீன் தூண்டில் பெட்டி, இவை மூன்றும் சேர்ந்து இன்னொரு சிறு விளையாட்டின் விலை ஆயிற்று. தொடக்கப் பெட்டிகள் அவ்வப்போது அச்சில் இல்லாமல் போவதும் உண்டு. அப்போது பழைய பெட்டிக்கு ஆளாளுக்கு ஒரு விலை சொல்வார்கள்.

உங்கள் ஊரில் சதுரங்கத்தைத் தீவிரமாக ஆடும் ஒருவர், வரலாறு படிக்கும் ஒருவர், இருவருக்கும் ஒரே நாளில் ஓய்வு என்றால் வாங்குங்கள். கூட்டத்துக்கு என்றால் வேண்டாம்.

## போல்ட் ஆக்‌ஷன்

இதில் பலகையே கிடையாது. ஆறடிக்கு நான்கடி மேசையில் 28 மில்லிமீட்டர் சிற்றுருவங்களை நிறுத்தி, அளவுநாடாவால் தூரம் அளந்து ஆடுவது. இரு பக்கத்துக்கும் வெவ்வேறு நிறத்தில் பகடைகள். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு ஒவ்வொன்றாக எடுப்பார்கள். எந்த நிறம் வருகிறதோ அந்தப் பக்கம் ஓர் அணிக்கு உத்தரவு கொடுக்கலாம்: சுடு, முன்னேறு, ஓடு, பதுங்கியிரு, ஒருங்கு சேர், படு. அடுத்து யார் முறை என்று தெரியாத இந்தப் பதற்றம் சின்னப் பிள்ளைகளையும் மேசையோரம் நிற்க வைக்கும். எங்களுக்குப் பை, ஒரு கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை.

இட வசதிக்கு நாம் கவலைப்பட வேண்டியதில்லை. மேசைப்பந்து மேசை ஒன்பதடிக்கு ஐந்தடி, போதும் போதும்.

பணந்தான் போய்க்கொண்டே இருக்கும். வாங்குவது படையல்ல, படை ஒட்டியிருக்கும் நெகிழிச் சட்டங்கள். வெட்ட வேண்டும், ஒட்ட வேண்டும், அடிப்பூச்சு அடிக்க வேண்டும், வண்ணம் தீட்ட வேண்டும். மழைக்கு முந்திய பிற்பகலில் அடிப்பூச்சைத் தெளித்தால் ஈரக் காற்றில் அது சாம்பல் பூத்ததுபோல் படியும். பன்னிரண்டு வீரர்களைச் சுரண்டிக் கழுவி மறுபடி தொடங்கினேன். இரண்டு பக்கத்துக்கும் படை வேண்டும், ஏனென்றால் புதிதாக வருகிறவரிடம் படை இருக்காது. வண்ணம் தீட்டிக்கொண்டே இருந்து ஒருநாளும் ஆடாதவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்லவில்லை, அதுவும் ஒரு ஞாயிறுதான்.

ஓவியம் வரையும் பிள்ளைகள் நான்கைந்து பேர் உள்ள பள்ளி, பூட்டி வைக்க ஓர் அறை, ஓராண்டுப் பொறுமை. மூன்றும் இருந்தால் இதற்கு ஈடில்லை. நம் களத்தை உருவாக்குவதிலும் இதுவே மேல். விளக்குமாற்று ஈர்க்கும் பச்சை நுரையும் வைத்து ரப்பர் மரங்களை வரிசையாக நட்டபோதுதான் எனக்கு ஒன்று புரிந்தது: பால்மரத் தோட்டம் காடு அல்ல. நிரையின் நீளவாக்கில் பார்த்தால் வெகுதூரம் தெரியும். நான்கு எட்டு பக்கவாட்டில் நகர்ந்தால் தண்டுகள் ஒன்றையொன்று மறைத்துச் சுவராகிவிடும். அங்கே பிறந்து வளர்ந்தும் மேசையில் குனிந்து பார்க்கும்வரை அதை நான் கவனித்ததில்லை.

## அச்சிட்டு வெட்டுவது

பணமே இல்லை என்றால், பாரி டாய்ல் இலவச அச்சுக் கோப்பாக வெளியிட்ட வேலர் அண்டு விக்டரி போன்ற விளையாட்டுகள் இருக்கின்றன. மை, தடித்த அட்டை, பசை, ஒரு வாரக் கத்தரி வேலை. கையெல்லாம் கொப்புளம் வரும். ஸ்குவாட் லீடர் உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ள மலிவான வழி.

## பெட்டியில் போடாத விலை

மெமோயருக்கான பசிபிக் விரிவாக்கத்தை நாங்கள் முதன்முதலில் விரித்த நாளில், கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு பாட்டி உள்ளே எட்டிப் பார்த்தார். மேசையில் இருந்த ஜப்பானிய உதயசூரியக் கொடியை வெகுநேரம் பார்த்தார். அவர் தகப்பனாரைச் சயாமுக்குக் கொண்டுபோனவர்கள் திருப்பி அனுப்பவில்லை. சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் நீளமான அந்த ரயில் பாதைக்குத் தோட்டத் தமிழர்களை ஆயிரக்கணக்கில் பிடித்துப்போனார்கள். எங்கள் பக்கத்தில் அதைத் தொடாத குடும்பம் குறைவு. பாட்டி கோபப்படவில்லை. "இதில் யார் ஜெயிக்க வேண்டும் என்று ஆடுகிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார். எட்டுப் பேரில் ஒருவருக்கும் பதில் வரவில்லை.

அதன்பின் நாங்கள் மலாயாக் களத்தை நிறுத்திவிடவில்லை. தொடங்குமுன் அந்த இடத்தில் என்ன நடந்தது என்பதைக் கிராணி ஐயா ஐந்து நிமிடம் சொல்கிறார். கொடிச் சின்னங்களைப் பெட்டியிலேயே விட்டுவிடுகிறோம். புதிய கூட்டம் தொடங்குகிறவர்கள் தொலைவில் உள்ள களத்தில் தொடங்குவதே நல்லது. நார்மண்டியில் நம் வீட்டார் யாரும் இல்லை.

## மூவருக்கும் சொன்னது

பகா அண்ணன் தம்பிக்கு அன்டான்டட். இரண்டு பேர், ஒரே பட்டறை, ஒருவரையொருவர் விட்டுப் போகாதவர்கள். உறையோடு சேர்த்து வாங்கச் சொன்னேன். கிரீஸ் கையோடு சீட்டைத் தொட வேண்டாம் என்றும் சொன்னேன்.

சுங்கை சிப்புட் ஆசிரியருக்கு நான் சொன்னது பிடிக்கவில்லை. அவர் மனத்தில் இருந்தது 1948 ஜூன் 16: அவர் ஊர்த் தோட்டங்களில் மூன்று துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்ட நாள், கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிராக 1960 வரை நீடித்த அவசரகாலம் அதையடுத்துத்தான் அறிவிக்கப்பட்டது. மாணவர்களோடு அதைப் போல்ட் ஆக்‌ஷனில் செய்ய வேண்டும் என்றார். அந்த மாணவர்களின் தாத்தாக்கள் எந்தெந்தப் பக்கம் நின்றார்கள் என்பது அந்த ஊரில் இன்னும் மெதுவாகப் பேசப்படும் விஷயம். வண்ணம் தீட்டும் பிள்ளைகள் அவரிடம் இருப்பதால் விளையாட்டு சரிதான், களம் வேறாக இருக்கட்டும் என்றேன். யோசிப்பதாகச் சொன்னார்.

பீடோர் மாணவிக்கு மெமோயர் 44. எத்தனை பேர் வருவார்கள் என்றே தெரியாத கூட்டத்துக்கு வேறு எதையும் சொல்ல மாட்டேன். இரண்டாவது பெட்டி வாங்குமுன் எங்களுடையதை இரவல் வாங்கி ஓவர்லார்டை ஒருமுறை ஆடிப் பார்க்கச் சொன்னேன். அவரும் மூன்று தோழிகளும் ஒரு ஞாயிறு பஸ் பிடித்து வந்தார்கள். இரண்டு பலகைகளை நீளவாக்கில் சேர்த்து, துரோலாக்கிலிருந்து பாலம்வரை சாலையை அடுக்கினேன். ரப்பர் கட்டங்களுக்கு எங்கள் சொந்த விதி: நிரையின் நீளவாக்கில் சுட்டால் பகடை குறையாது, குறுக்கே சுட்டால் ஒன்று குறையும். நான் தற்காக்கும் பக்கத்துத் தலைமைத் தளபதி. சாலையில் முள்வேலி, அதற்குப் பின்னால் பீரங்கி, இருபுறமும் காலாட்படை. கிராணி ஐயா என் வலப்பக்கத் தளபதி. மாணவி டாங்கிகளைச் சாலையில் கொண்டுவரவே இல்லை. மூன்றாவது சுற்றில், பலகையின் ஓரமாக மரங்களுக்கிடையில் நான் வெறுமனே அழகுக்காக வைத்திருந்த வளைந்த சாலைத் துண்டில் விரலை வைத்து, "அண்ணே, இது வழிதானே?" என்றார்.

அந்தக் கட்டத்தில் நான் முள்வேலி வைத்திருக்கவில்லை. கிராணி ஐயா என் முகத்தைப் பார்க்காமல் தேநீரை எடுத்துக்கொண்டார்.